தோல் பதனிடும் பிரதேசத்துக் கிணறுகளில் உப்பு பரவும் விதம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாய இலாகா உத்தியோகஸ்தர்களிடம் குடியானவர்கள் ஓயாது கேட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. தோல் ஷாப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒருவருடைய கிணற்றில் தண்ணீர் ஓரளவு நன்றாயிருக்கிறது. அதற்கப்பால் அரை மைல் தள்ளியுள்ள மற்றொருவருடைய கிணற்றிலோ தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கிறது. இஃது எவ்வாறு நேர்ந்தது? கழிவுநீர்தான் காரணம் என்றால் அருகிலுள்ள கிணறன்றோ முதலில் கெடவேண்டும்? இக்கேள்விக்குச் சரியான விடை தெரியாமையால், தோல் ஷாப்புக்காரர் தம் மீது குற்றமில்லை என்று சாதிப்பதற்கும், குடியானவர் தம் தலைவிதியை நொந்துகொண்டு மேலும் நூறு அடி போர் இறக்கிப் பணத்தைப் போக்குவதற்கும் இடமேற்படுகின்றது. விடை, பூமிக்கடியிலுள்ள பாறையின் அமைப்பில் இருக்கின்றது.

பாறையும் வெடிப்பும்

பாலாற்றுப் பள்ளத்தாக்கின் இருமருங்கிலும், ஜவ்வாது மலை, ஏலகிரி மலை ஆகியவற்றின் அடிவாரங்களிலும் அடியில் கிடப்பது மிகப் புராதனமான கெட்டிப் பாறை. பெரும்பாலும் வரிவரியாய் இருக்கும் நைஸ் கல்லும், சார்னோக்கைட் எனப்படும் கருநிறக் கல்லும் ஆகும். சென்னைக்கு அடுத்த பல்லாவரத்துக் கல்லும் இந்தப் பின்சொன்ன இனத்தைச் சேர்ந்ததே. இப்பாறையை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஈரமே இராது. அதனுள் தண்ணீர் தங்குவதற்குத் துவாரங்கள் இல்லை.

அப்படியாயின் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகின்றது? கிணறு வெட்டிய ஒவ்வொருவரும் இதைக் கண்ணாரக் கண்டிருக்கிறார். மேலே சில அடிகள் மண். அதன்கீழ் முறம்பும், மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் இணங்கும் இளகிய பாறையும். அதற்கும் கீழே வெடி வைத்தாலன்றிப் பெயராத கல். இந்தக் கல்லில் ஆங்காங்கே கீறல்களும் வெடிப்புகளும் ஓடுகின்றன. ஊற்றுக்கண் என்று குடியானவர்கள் சொல்வது இவற்றின் வாயைத்தான். முறம்புப் படலம் தண்ணீரைச் சேமித்து வைக்கும் குதிர் போன்றது. வெடிப்புகள் அதைக் கொண்டுசெல்லும் கால்வாய்கள்.

ஆற்று மணலில் தண்ணீர் செல்வதற்கும் இத்தகைய பாறையில் செல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கேழ்வரகுக் குவியலின் மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினால் அது எல்லாப் பக்கமும் ஒரே சீராக நனைத்துக்கொண்டு இறங்கும். மணலின் தன்மை அதுவே. வெடித்த சுவரின் மேல் ஊற்றினாலோ, தண்ணீர் வெடிப்பைத் தேடி ஓடி, எதிர்பாராத ஓரிடத்தில் வெளிப்படும். இரண்டு சாண் தள்ளியுள்ள இடம் காய்ந்தபடியே இருக்கும். அரை மைல் தள்ளிய கிணறு கெட்டு, பக்கத்துக் கிணறு தப்பியதற்குக் காரணம் இதுவே. கெட்ட கிணறு கழிவுநீர் தேங்கும் இடத்தோடு ஏதோ ஒரு வெடிப்பினால் தொடர்பு பெற்றிருக்கின்றது, தப்பியது பெறவில்லை. சில இடங்களில் பாறையின் குறுக்கே கருங்கல் சுவர் எழுப்பினாற்போல் டாலரைட் என்னும் கல் நீளவாட்டில் ஊடுருவி நிற்பதுண்டு. அது வெடிப்பின்றிக் கெட்டியாயிருந்தால் ஒரு பக்கத்துத் தண்ணீரை மறுபக்கம் விடாமல் அணைபோல் தடுக்கும். ஆகையால் தூரத்தைக் கயிறு பிடித்து அளந்து, இந்தக் கிணறு பிழைக்கும், அந்தக் கிணறு கெடும் என்று தீர்மானிப்பது பிரயோஜனமற்றது.

வெடிப்பின் அகலம் சிறிது கூடினாலும் அதனூடே செல்லும் ஜலத்தின் அளவு பன்மடங்கு பெருகுகின்றது. அகலம் இருமடங்கானால், மற்றெல்லாம் ஒன்றாயிருக்க, ஜலம் எட்டு மடங்கு செல்லும். பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு. நூல் கனமுள்ள நூறு கீறல்களைக் காட்டிலும் விரல் நுழையும் ஒரே வெடிப்பு அதிக ஜலத்தைக் கொண்டுவரும். நல்ல ஊற்று என்று மகிழ்ந்த கிணறே முதலில் கெட்டுப்போவதில் ஆச்சரியமில்லை. ஊற்று எவ்வளவு தாராளமோ அவ்வளவு தாராளமாகவே கெடுதலும் வந்து சேரும்.

வேகமும் இவ்வாறே. மணலில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு இடம் தண்ணீருக்கு இருக்கின்றது; வெடித்த பாறையில் நூற்றுக்கு ஒரு பங்கு இருப்பதும் அரிது. மணலில் ஒரு குறித்த காலத்தில் நான்கு அடி நகரக்கூடிய அதே ஜலம், போவதற்கு இடம் குறைவாகையால், பாறை வெடிப்பில் நூறு அடி ஓடிவிடும். மேலும் மணலும் களிமண்ணும் அழுக்கை ஓரளவு வடிகட்டி நிறுத்தும். வெடிப்பில் அந்த வடிகட்டல் மிகச் சொற்பம்.

கழிவுநீரில் உள்ளவை

தோல் பதனிடும் தொழில் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். குரோமிய உப்பினால் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் 1903-ஆம் ஆண்டு அளவில் சோதித்துக் காட்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர். எண்ணெய் இஞ்சின் வைத்துக் கிணற்று நீரை இறைக்கும் வழக்கத்தையும், கிணறுகளில் போர் இறக்கும் வழக்கத்தையும் இம்மாகாணத்துக் குடியானவரிடையே பரப்புவதற்குப் பெரிதும் உழைத்தவரும் அவரேயாவர். இவ்விரண்டு காரியங்களும் பிற்காலத்தில் ஒரே பள்ளத்தாக்கில் வந்து மோதிக்கொண்டன என்பது கவனிக்கத்தக்கது. 1970-களில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை இந்திய சர்க்கார் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் பாதரட்சைகளையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்த பின்னர், குரோமிய முறை இங்கே வெகுவாய்ப் பெருகிற்று.

கழிவுநீர் என்றதும் அதன் நாற்றத்தையும் நிறத்தையுமே ஜனங்கள் நினைக்கிறார்கள். நிலத்தைக் கெடுப்பதில் அவற்றைவிட முக்கியமானது நிறமும் மணமும் அற்ற சாதாரணச் சமையல் உப்பு. உரித்த தோல் அழுகாதிருக்க அதன்மேல் ஏராளமாக உப்புத் தூவுகிறார்கள். நூறு ராத்தல் பச்சைத் தோலுக்கு நாற்பது ராத்தல் அளவு உப்பு சாதாரணமாய்ச் செல்லும். பதனிடும் சாலையில் முதல் வேலை அத்தோலைத் தண்ணீரில் ஊறவைப்பது. உப்பில் பெரும்பகுதி அந்த ஊறல் நீரில் இறங்கிவிடுகின்றது. பிறகு சுண்ணாம்பும் ஸோடியம் ஸல்பைடும் இட்டு மயிர் நீக்குகிறார்கள். அதன்பின் கந்தகத் திராவகத்தோடு மறுபடியும் உப்புச் சேர்த்த கரைசலில் போடுகிறார்கள். கடைசியில் குரோமியம் ஸல்பேட். இதில் தோல் ஏற்பது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. எஞ்சியது, திரும்ப எடுக்கும் ஏற்பாடு இல்லாவிடில், கழிவோடு போகும். ஒரு கிலோகிராம் முடித்த தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறதென்று உச்சநீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் கூறப்பட்டிருக்கின்றது.

பூமிக்கடியில் எது முந்தும், எது பிந்தும்

கழிவுநீரில் கூடிச் சென்ற வஸ்துக்கள் பூமிக்கடியில் கூடியே செல்வதில்லை. சந்தையிலிருந்து ஒரே சமயத்தில் புறப்பட்ட வண்டிகள் பாரத்துக்குத் தக்கபடி முந்தியும் பிந்தியும் ஊர் சேர்வதை ஒக்கும்.

குளோரைடு என்னும் உப்பின் பகுதி மண்ணோடும் கல்லோடும் ஒட்டுவதில்லை. ஜலம் எவ்வளவு வேகமாய் ஓடுகிறதோ அவ்வளவு வேகமாய் அதுவும் ஓடும். ஆதலால் கழிவுநீர் ஒரு கிணற்றை எட்டிற்றா என்பதை அறிய இரசாயன சாஸ்திரிகள் முதலில் தேடுவது குளோரைடையே.

ஸோடியம் அவ்வளவு எளிதில் நகராது. முறம்பிலும் களிமண்ணிலும் கால்ஷியமும் மக்னீஷியமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏராளமான ஸோடியம் வரும்போது அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் அந்த இடத்தில் அமர்கின்றது. தள்ளப்பட்ட கால்ஷியமும் மக்னீஷியமும் தண்ணீரில் இறங்கி, குளோரைடோடு சேர்ந்து முன்னே செல்கின்றன. இதன் விளைவு யாதெனில், கழிவுநீர் வந்துகொண்டிருக்கும் கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்குமுன்னரே கடினமாகிவிடும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கொதிக்கவைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படியும். வீட்டுப் பெண்மக்கள் இதைச் சொல்லும்போது ஆண்கள் பெரும்பாலும் காதில் வாங்குவதில்லை. ஆனால் நிலத்துக்கு வரப்போகும் கெடுதலை முன்கூட்டி அறிவிக்கும் அடையாளம் இதைவிட மலிவானது வேறில்லை. முன்பு பருப்பு வெந்த தண்ணீரில் இப்பொழுது வேகவில்லையென்றால் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரீக்ஷைக்கு அனுப்பவேண்டிய காலம் வந்துவிட்டது. (ஆதியிலிருந்தே கடினமாயுள்ள கிணறுகளும் இப்பாறைப் பிரதேசத்தில் உண்டு, மாறுதலே கவனிக்கவேண்டியது.)

பதனிடுவதற்கு உபயோகிக்கும் குரோமியம் மும்மை வலுவுடையது. திராவகம் கலந்த நீரில் கரைந்திருக்கும் இது, சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் பட்டவுடன் கரையாத வண்டலாய்ப் படிந்து, களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். வெகுதூரம் செல்லாது. ஆகவே பெரும்பாலான கிணறுகளைக் கெடுத்தது குரோமியம் அன்று, உப்பே என்பதைக் குடியானவர்கள் அறியவேண்டும். குரோமியம் பெரும்பாலும் கழிவு பாய்ந்த கால்வாயிலும், தேங்கிய ஏரியின் வண்டலிலும், அந்த வண்டல் அடித்த வயலிலும் தங்கியிருக்கின்றது.

அறுமை வலுவுடைய குரோமியம் முற்றிலும் வேறான குணமுடையது. மஞ்சள் நிறமாய் நீரில் நன்றாய்க் கரைந்து, மண்ணில் அதிகம் ஒட்டாமல் ஜலத்தோடு ஓடும், பெரிய விஷம், புற்றுநோயையும் உண்டாக்கும். இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிகல்ஸ் என்ற தொழிற்சாலை 1970-களின் நடுவிலிருந்து 1990-களின் நடு வரை பதனிடுவதற்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்துவந்தது. அது மூடப்பட்டபோது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவுக் குவியலில் இந்த விஷக் குரோமியம் கலந்திருந்தது. பல ஆண்டுகள் திறந்தவெளியில் மழையில் நனைந்து கிடந்த அக்குவியலிலிருந்து அது கசிந்து நிலத்தடி நீரில் இறங்கிற்று. 2006-ஆம் ஆண்டில் உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களின் வரிசையில் ஓர் அமெரிக்க நிறுவனம் இராணிப்பேட்டையைச் சேர்த்ததற்கு இது முக்கிய காரணம். ஆம்பூர்ப் பக்கத்துக் கிணற்றுக் கெடுதலையும் இராணிப்பேட்டைக் குவியலருகிலுள்ள கெடுதலையும் ஒன்றென்று எண்ணலாகாது. முன்னதில் பயிர் வாடும். பின்னதில் தண்ணீர் நாவுக்கு நன்றாயிருந்துங்கூட நஞ்சாயிருக்கலாம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கலாகாதென்பது இந்திய அளவு; பாசன நீருக்கு 0.1 மில்லிகிராம் என்பது உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் அளவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. குரோமியத் தோல் சீவல்களையும், சுத்திகரிப்பு நிலையத்துக் காய்ந்த வண்டலையும் அடுப்பிலும் சூளையிலும் எரித்து, அந்தச் சாம்பலைக் குப்பைக்குழியில் சேர்ப்பது மகா தவறு. சுண்ணாம்பு கலந்து காற்றுப்பட எரியும்போது, நகராதிருந்த மும்மைக் குரோமியத்தில் ஒரு பகுதி ஓடும் விஷமாகிய அறுமைக் குரோமியமாக மாறிவிடுகின்றது. தோல் கழிவில் தழைச்சத்து உண்டென்பது மெய்யே. குரோமியம் தொடாத, மயிர் நீக்கும் கட்டத்துச் சதைக் கழிவுக்கு அது பொருந்தும். பதனிட்ட பின்னர் சீவியதற்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றி எருவென்று சொல்லி மலிவாகக் கொடுப்பார்களாயின், இலவசமாய்க் கொடுத்தாலும் வேண்டாம்.

இறைவையும் போரும்

பூமிக்கடியில் ஜலம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் செல்லும். இந்த மேடும் பள்ளமும் நிலத்தின் மேற்பரப்பைப் பொறுத்தவை மட்டுமன்று, ஜலமட்டத்தைப் பொறுத்தவை. ஒரு கிணற்றில் மோட்டார் வைத்து நாள் முழுவதும் இறைத்தால் அங்கே ஜலமட்டம் தாழ்ந்து, சுற்றிலுமுள்ள ஜலம் அதை நோக்கித் திரும்பும். கவலை இறைத்த காலத்தில் கிணறு வற்றினால் மாடுகளை அவிழ்த்துவிட்டு ஊறும்வரை காத்திருந்தார்கள். நீர்மூழ்கி மோட்டார் அவ்விதம் காத்திருப்பதில்லை. முன்பு ஆற்றை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கழிவுநீரை எதிர்த்திசையில் தன் கிணற்றுக்கே இழுத்துக்கொண்டவர்களும் உண்டு. கரிக்கத் தொடங்கிய கிணற்றில் இறைவையைப் பாதியாகக் குறைத்து, இடைவிட்டு இறைத்தால், அந்த இழுப்புத் தளரும். விளைச்சல் குறையுமே என்றால், குறையும். ஆனால் கிணறு முற்றும் கெட்ட பின்னர் குறைவதைவிட அது சிறு நஷ்டம்.

மேல்நீர் கெட்டுவிட்டது, ஆழத்தில் நல்ல நீர் கிடைக்கும் என்று போர் இறக்குவது இப்பொழுது சகஜம். சில இடங்களில் ஆழத்து வெடிப்பு மேல்வெடிப்போடு சேராமல் தனியே இருந்து நல்ல ஜலம் கிடைப்பதும் உண்மை. கெடுதல் வருவது போர் போடும் விதத்தில். மேலுள்ள மண்ணும் முறம்பும் சரியாதிருக்கும் அளவுக்கு மட்டும் கேசிங் குழாய் இறக்கி, குழாய்க்கும் துளைக்கும் இடையிலுள்ள சந்தைத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். அந்தச் சந்தின் வழியாக மேலுள்ள உப்புநீர் நேரே இறங்கி, அதுவரை தொடப்படாதிருந்த ஆழத்து வெடிப்பில் கலந்துவிடுகின்றது. இயற்கை நூறாண்டிலும் திறந்திராத வழியைப் போர் மிஷின் ஒரே நாளில் திறந்துவிடுகின்றது. போட்டவருடைய தண்ணீர் மட்டுமன்றி, அந்த வெடிப்பையே நம்பியிருக்கும் அடுத்த ஊராருடைய தண்ணீரும் கெடுகின்றது.

ஆகையால் இப்பிரதேசத்தில் போர் இறக்குவோர், கேசிங் குழாயை முறம்பு முடியுமிடத்தோடு நிறுத்தாமல் கெட்டிப் பாறைக்குள் பல அடி இறக்கவேண்டும். வெளிச்சந்து முழுவதையும் அடியிலிருந்து மேல்வரை சிமெண்டுப் பாலால் அடைக்கவேண்டும். துளைக்கும்போது முதல் ஊற்று எத்தனை அடியில் வந்தது, இரண்டாவது எத்தனை அடியில் என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் தண்ணீரையும் தனித்தனியே ஒரு சீசாவில் பிடித்துவைப்பது நல்லது. பலனில்லாமற்போன போரைக் கல்லைப் போட்டு மூடிவிடுவது போதாது. அதையும் களிமண்ணோ சிமெண்டோ இட்டு அடைக்காவிடில் அது நிரந்தரச் சாக்கடை வாயாக நிற்கும். இச்செலவு மொத்தச் செலவில் சிறு பங்கே. ஆயினும் மிஷின்காரர் தாமாக இதைச் செய்யமாட்டார்; கேட்டுச் செய்வித்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தியும் ஏன் தெளியவில்லை

1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதி வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அதில் நிலைநாட்டப்பட்டது. இப்பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர், அதாவது சுமார் 86,000 ஏக்கர் விளைநிலம், பகுதியாகவோ முழுதுமாகவோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்று என்னும் விவசாயப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தாரின் கணக்கையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று. திண்டுக்கல் பக்கத்தில் பதின்மூன்று கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன என்ற கணக்கும் அதே தீர்ப்பில் உண்டு. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் தோல் ஷாப்புகள் நடக்கலாகாதென்று உத்தரவாயிற்று. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய இடங்களில் வேலை செய்யலாயின.

இந்நிலையங்கள் நாற்றத்தையும் குரோமியத்தையும் நீக்கின, உப்பை நீக்கவில்லை. உயிரணுக்களுக்கு உப்பு இரையாவதில்லை, வண்டலாகவும் படியாது. வெளியே விடும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கலாகாது என்ற விதிக்கு உட்பட முடியாமற்போகவே, பின்னர் சவ்வு வழியாக நீரை அழுத்திப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கும் ஏற்பாடுகள் சேர்க்கப்பட்டன. காய்ச்சி எடுத்த உப்பு மூட்டைகளை மழை படாமல் எங்கே வைப்பது என்பது புதிய கவலை. தோலை ஊறவைக்குமுன் உதறி, ஒட்டியுள்ள உப்பைத் தனியே எடுத்துவிடுவதே இவ்வளவிலும் சுலபமான வழி. 1948-இல் சென்னை அடையாற்றில் ஸ்தாபிக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சிக் கழகமும் உப்பைக் குறைக்கும் முறைகளில் உழைத்து வந்திருக்கின்றது. பூமிக்குள் போன உப்பை வெளியே எடுப்பதைவிடத் தோலின் மேலிருக்கும் உப்பை எடுப்பது எளிது என்பதற்குச் சாஸ்திரம் படிக்கவேண்டியதில்லை.

கழிவுநீர் விடுவது நின்ற இடங்களிலும் கிணறு உடனே தெளியவில்லையே என்று குடியானவர்கள் கேட்பது நியாயம். ஊறுகாய் மாங்காயைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். முதல் அலசலில் மேலுள்ள உப்புப் போய்விடும். துண்டினுள் ஊறியது போகாது. அலசிய தண்ணீரை மாற்ற மாற்ற, உள்ளிருந்து சிறிது சிறிதாய் வந்துகொண்டேயிருக்கும். வெடிப்பின் இருமருங்கிலும் இளகியுள்ள பாறை பல்லாண்டு உப்புநீரில் ஊறியிருக்கின்றது. இப்போது நல்ல நீர் வெடிப்பில் ஓடினாலும் பாறை தன்னுள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கின்றது. உள்ளே போவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயிற்றோ, வெளியேற அதைவிட அதிக காலம் ஆகும். இதுவன்றி, ஜலமட்டத்துக்கு மேலுள்ள காய்ந்த முறம்பிலும் உப்புத் தங்கியிருக்கின்றது. முதல் மழை அதைக் கரைத்துக் கீழே இறக்கும். மழை பெய்தவுடன் தண்ணீர் முன்னைவிட அதிகமாய்க் கரிப்பதற்குக் காரணம் இதுவே.

பாலாறு ஜீவநதியாக ஓடினால் இவ்வளவு துன்பம் இராது. கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கத்தில் பிறந்து 348 கிலோமீட்டர் செல்லும் இவ்வாறு, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடினாலும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கின்றது. 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற பெருவெள்ளம் எப்போதோ ஒருமுறை வருகின்றது.

நிலத்தைக் காப்பது

உப்புநீரைப் பாய்ச்சுவதில் நிலத்துக்குச் சேரும் உப்பின் அளவைக் குடியானவர்கள் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரை ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரம் கட்டினால் 300 கிலோகிராமுக்கு மேல் உப்பு இறங்குகின்றது. நெற்பயிருக்கு நாற்பது அங்குலம் பாய்ச்சினால் பன்னிரண்டு டன். தண்ணீர் ஆவியாய்ப் போகும், உப்பு போகாது. ஆதலால் மழைக்காலத்தில் வரப்பை உயர்த்தி மழைநீரை வயலிலேயே தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் விடுவது முதல் வேலை. வடிகால் இல்லாத வயலில் இவ்வேலை பலிக்காது.

வேர்ப்படலத்து மண்ணின் சாறு மின்சாரத்தைக் கடத்தும் அளவைக்கொண்டு உப்பை மதிப்பது வழக்கம். அந்த அளவு வெங்காயத்துக்கு 1.2, கரும்புக்கு 1.7, தக்காளிக்கு 2.5, நெல்லுக்கு 3, மணிலாக்கொட்டைக்கு 3.2, சோளத்துக்கு 6.8, பருத்திக்கு 7.7 அலகு வரை நஷ்டமில்லை. மணிலாக்கொட்டை விஷயத்தில் ஏமாறலாகாது: எல்லையைத் தாண்டியபின் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் கால்பங்குக்கு மேல் விழுந்துவிடும். நெல் அவ்வளவு சடுதியில் விழாது. உவரைத் தாங்கும் நெல் வேண்டுவோருக்குத் திருச்சி 1 என்னும் ரகம் உண்டு.

ஜிப்ஸம் இடலாமா என்பது அடுத்த கேள்வி. முன்னர்ச் சொன்னபடி கிணற்று நீர் கடினமாயிருக்கும் கட்டத்தில் கால்ஷியம் அதிலேயே ஏராளமாய் இருக்கின்றது. அப்போது ஜிப்ஸத்துக்குச் செலவிடுவது வீண். கெடுதல் முற்றி ஸோடியம் மிகுந்த பின்னர்தான் அதற்கு வேலை உண்டு. உப்புநீர் பாய்ச்சும் வரையில் மண் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். நல்ல மழை பெய்தவுடன் களிமண் குழைந்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி, காய்ந்தபின் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். மழையே நிலத்தைக் கெடுத்ததென்று சிலர் சொல்வதன் காரணம் இது. மண்ணில் ஒட்டிய ஸோடியத்தின் வேலை உப்பு குறைந்த நீரில்தான் வெளிப்படுகின்றது. அத்தகைய வயலுக்கு மழைக்கு முன்பே, மண் பரீக்ஷையில் சொல்லிய அளவு ஜிப்ஸம் இட்டு உழுது, பின்னர் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது நல்ல பலன் தரும்.

தண்ணீர் மாதிரியும் குறிப்பும்

மேற்சொன்ன யாவும் கிணற்று நீரின் பரீக்ஷையைப் பொறுத்தவை. ஒரு தடவை பரீக்ஷை செய்து அந்தச் சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில் பிரயோஜனமில்லை. ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்தில் மழைக்கு முன்பும், ஜனவரியில் மழைக்குப் பின்பும் எடுக்கவேண்டும். மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் சீசாவை அதே தண்ணீரால் மும்முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூடவேண்டும். எண்ணெய்ச் சீசாவும் மருந்துச் சீசாவும் உதவா. சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், ஜலமட்டம், தேதி ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி ஒட்டவேண்டும். மண் பரிசோதனை நிலையத்தாரிடம் மின்கடத்தும் அளவு, குளோரைடு, கால்ஷியம், மக்னீஷியம், ஸோடியம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கவேண்டும். இராணிப்பேட்டைக் குவியலைச் சுற்றியுள்ளவர்கள் குரோமியத்தையும், அதில் அறுமை வலுவுள்ளது எவ்வளவு என்பதையும் தனியே கேட்பது அவசியம். இது வேறு இரசாயனசாலைக்கு அனுப்பவேண்டியதாகும்.

ஒரு கிராமத்தார் சேர்ந்து தங்கள் கிணறுகள் அனைத்தையும் ஒரே வாரத்தில் பரீக்ஷை செய்வித்து, குளோரைடு அளவைக் கிராமப் படத்தில் கிணறுதோறும் குறித்தால், அதிக அளவுள்ளவை பெரும்பாலும் ஒரு வரிசையாய் அமைந்திருப்பதைக் காணலாம். அந்த வரிசையே பூமிக்கடியிலுள்ள வெடிப்பின் போக்கு. புதுக்கிணறு எங்கே வெட்டலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. ஹைதராபாத்திலுள்ள தேசீய பூபௌதிக ஆராய்ச்சிக் கழகத்தார் மேல்பாலாற்றுப் பிரதேசத்தில் கழிவு பரவும் போக்கைக் கணக்கிட்டு ஆராய்ந்ததும் கிணறுகளில் எடுத்த இத்தகைய அளவுகளைக் கொண்டே.

இக்குறிப்புகளுக்கு வேறொரு உபயோகமும் உண்டு. 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி ஏற்பட்ட நஷ்டஈட்டு அதிகாரசபை 29,000 பேருக்கு மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டவர்களென்று கண்டு, 26 கோடி ரூபாய்க்கு மேல் ஈடு நிர்ணயித்தது. அத்தொகை கிடைக்காதவர்களும், அதன்பின்னர் கெட்ட நிலத்துக்குடையவர்களும் பல ஆண்டுகள் அலைந்தனர். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி உச்சநீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாக்கியுள்ள ஈட்டைக் கொடுக்கவும், நிலைமையைக் கண்காணிக்க ஒரு கமிட்டி அமைக்கவும் உத்தரவிட்டிருக்கின்றது. கமிட்டியார் கிராமத்துக்கு வரும்போது எந்த ஆண்டிலிருந்து தண்ணீர் கெட்டது என்று கேட்பார்கள். தேதியிட்ட பரீக்ஷைச் சீட்டுகளை வைத்திருப்பவர் அவற்றை வரிசையாய் எடுத்து வைக்கலாம்.